வெறுந்தாளுக்கு ஒரு பைண்டிங்

தொம்மலூரில் நான்கு மாடி வீடு கட்டினேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடி பதித்து நிற்கும் ஆபீஸ்களில் ஏழுக்குத் தளம் போட சென்ட்ரிங் பலகை அடித்தது என் ஆட்கள்தான். ஒக்கலிபுரத்து ஒற்றை அறையிலிருந்து, ஐந்தாவதோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, யார் சிபாரிசும் இல்லாமல் செய்தது இவ்வளவும். மழை கொட்டினாலும் சொன்ன நாளில் தளம் போட்டுக் கொடுத்தவன் நான். அப்படிப்பட்டவனால் என் கடைசி மகளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுத வைக்க முடியவில்லை.

அவளுக்கு இன்ஜினியரிங் கடைசி வருடம். வெள்ளிக்கிழமைக்குள் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் செய்து கொடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண். கிடைத்திருந்த வேலையும் போய்விடும். மூன்று மாதமாக ஒரே பதில்.

"நாளைக்கு உக்காந்துடுவேம்பா."

"நான் நாளைக்குன்னு சொல்லியிருந்தா இந்த வீடு இன்னும் அஸ்திவாரத்துலதான் இருக்கும்."

"தெரியும்பா. நாலு மாடி, ஏழு பில்டிங். கேட்டாச்சு."

திட்டினேன், கெஞ்சினேன். செல்போனைப் பிடுங்கி அரிசி டின்னில் போட்டேன். லேப்டாப்பில் சினிமா பார்த்தாள்.

புதன் காலை அவள் மேஜையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் நான்கு பக்கம் புரட்டினேன், முழுக்க எழுத்து. முடித்துவிட்டாள், கொண்டுபோகத்தான் சோம்பல் என்று நினைத்து நானே பைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன்.

"செக் பண்ணியாச்சா பெரியவரே? ஒட்டிட்டா பிரிக்க முடியாது," என்றார் கடைக்காரர்.

"என் பொண்ணு வேலை. ஒட்டுப்பா."

கறுப்பு அட்டை, தங்க எழுத்து. மத்தியானம் அவள் கையில் கொடுத்தேன். திறந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, முதல் நாலு பக்கம் சர்டிபிகேட்டும் பொருளடக்கமும். அப்புறம் தலைப்பு மட்டும்தான் இருக்கு. கீழ எல்லாம் வெறும் பேப்பர். ஆரம்பிச்ச மாதிரி இருக்கட்டும்னு பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன்."

கான்கிரீட் என்றால் உடைத்துவிட்டு மறுபடி போடுவேன். இதை ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது என்று கடைக்காரர் அப்போதே சொன்னார். அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

"எழுதினா நல்லா வராதோன்னுதாம்பா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். இதுதான் கெட்டுப் போச்சே. இனிமே கெடுக்க என்ன இருக்கு?"

பேனாவை எடுத்து அந்த பைண்டிங்கிலேயே கிறுக்க ஆரம்பித்தாள். அடித்தாள், அம்புக்குறி போட்டாள். வியாழன் முழுக்க அதைப் பார்த்து டைப் செய்தாள். டீ போட்டுக் கொடுத்ததைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை புது பைண்டிங்கோடு காலேஜில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதில் இருந்த நன்றிப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னேன். கடவுள், பிரின்சிபால், கைடு, லேப் அட்டெண்டர், நான்கு தோழிகள். எனக்கு 'பெற்றோர்' என்று அவள் அம்மாவோடு சேர்த்துப் பாதிச் சொல். அது எல்லாப் பிள்ளைகளும் போடுவது. வெறுந்தாளை பைண்டிங் செய்து கொடுத்தது யார்? காலேஜுக்குப் போன பிரதி போகட்டும். வீட்டுப் பிரதியில் என் பேரைப் போட்டு, நான் செய்ததை அவள் கையால் எழுதித் தர வேண்டும்.

நாளைக்கு எழுதுகிறேன் என்கிறாள். எனக்கு இன்றைக்கே வேண்டும்.