இரண்டு சக்கரமும் சுற்ற வேண்டும்

துர்துகுலின் வண்டி பழைய ருஷ்ய வேன். மூக்கில்லாமல், அச்சில் சுட்ட ரொட்டி போல இருப்பதால் அத்-பாஷி என்ற அந்த மலையூரில் அதற்கு ரொட்டி என்றே பெயர். முப்பது வருஷமாக அதில்தான் அவர் மாவு மூட்டை, இரும்பு அடுப்பு, கூடாரக் கழிகள், கிடாக்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் எல்லாரையும் மலையில் ஏற்றி இறக்கினார். துர்துகுல் போக முடியாத மேய்ச்சல் நிலம் இல்லை என்று சொல்வார்கள். போன ஜூன் வரை சொன்னார்கள்.

போன ஜூனில் மகனுக்குக் கல்யாணம் ஆகி, பெண்வீட்டாரை மேலே, மேய்ச்சல் நிலத்துக் கூடாரத்து விருந்துக்கு அழைத்துப் போனார். கரா-சாஸ் சதுப்பில் வண்டி நின்றுவிட்டது. பின்பக்க இடது சக்கரம் சேற்றில் பைத்தியம் பிடித்தாற்போல் சுற்றியது. வலது சக்கரம் நல்ல தரையில் இருந்துகொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் சும்மா நின்றது. முன்பக்கமும் அதே கதை. இரண்டு சக்கரத்துக்கும் சுற்றலைப் பங்கிடும் டிஃபரன்ஷியலின் குணம் அது. எந்தச் சக்கரத்துக்கு வேலை சுலபமோ அந்தப் பக்கமே சுற்றலையெல்லாம் விட்டுவிடும்.

வண்டியில் வேறு யாராவது இருந்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள் என்றிருப்பார். சம்பந்திகளிடம் எப்படிச் சொல்வது? ஆட்டின் எந்த எலும்பு சம்பந்தியின் தட்டில் என்பதில்கூடப் பிசகக் கூடாத ஊர். அவர்களே இறங்கினார்கள். சம்பந்தியம்மாள் சாகின்பூபூ வெல்வெட் கோட்டோடு தள்ளினாள். வண்டி வெளியே வந்தது. அவளுடைய இடது கால் ஷூ வரவில்லை. அரைமணி நேரம் கையை விட்டுத் துழாவினார்கள். விருந்தில் அவள் துர்துகுலின் மனைவி அனார்கானின் பழைய ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு எப்போது போன் செய்தாலும் பனி எப்படி, குதிரைகள் எப்படி என்று எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்பாள்.

"ஷூ கெடைச்சுதா, சம்பந்தி?"

துர்துகுல் சிரிப்பார். போனை வைத்ததும் முகம் இறுகிவிடும்.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அவர் கணக்குப் போட்டார். குழந்தை ஏப்ரலில். தொட்டிலைப் பெண்வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். விருந்து ஜூனில், மேலே. அதாவது மறுபடி கரா-சாஸ், மறுபடி சாகின்பூபூ. இந்தத் தடவை அவள் கால் தரையில் படக்கூடாது.

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் லாக் போட்டுவிட்டால் தீர்ந்தது. எந்த லாக் என்பதில்தான் குளிர்காலம் முழுதும் போயிற்று.

மனைவியின் தம்பி கெல்திபெக், உள்ளே இருக்கும் பற்சக்கரங்களைச் சேர்த்து வெல்டு வைத்துவிடச் சொன்னான். ஒரே நாள் வேலை, பிறகு எந்நாளும் பூட்டியே இருக்கும். அப்படி வைத்த அவனுடைய சொந்த வண்டி இரண்டு வருஷத்துக்கு முன் பனி வளைவில் திரும்ப மறுத்து நேராக ஓடையில் இறங்கியது. அவன் இன்றும் பனியைத்தான் திட்டுகிறான்.

மெக்கானிக் ஏர்னிஸ், தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம் என்றான். கம்பி இல்லை, பிடி இல்லை, எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். ஒரு சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று துர்துகுல் கேட்டார். கரா-சாஸுக்கு அடி கிடையாது.

"அப்பப் பூட்டாதுண்ணே. ஒரு காலை ஆக்சிலேட்டர்ல வெச்சுக்கிட்டே இன்னொரு காலால பிரேக்கை லேசா மிதிக்கணும்."

"கிளட்ச்?"

"அதுக்கு ஒரு கால்."

"எனக்கு ரெண்டு காலுதாம்ப்பா."

பட்டறையில் நின்றிருந்த ஜப்பான் ஜீப்புக்காரர் ஒருவர், லாக்கே வேண்டாம், ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்தால் போதும், சுற்றுகிற சக்கரம் அடங்கிவிடும் என்றார். ரொட்டியின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, நடுத்தண்டைத்தான் பிடிக்கும், இழுத்தால் மொத்த வண்டியும் நிற்கும் என்று துர்துகுல் விளக்கினார். ஜீப்புக்காரர் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தபோது அதையே மறுபடி சொன்னார்.

பிஷ்கெக்கில் வேலை பார்க்கும் மகன் வீடியோக்களாக அனுப்பினான். டிரைவர் பக்கத்தில் ஒரு பிடி. இழுத்தால் கம்பி போய்ப் பூட்டும், தள்ளினால் விடும். நல்ல தரையில் விடுவிக்க மறந்தால் சக்கரங்கள் முனகும், ஆக்சில் தண்டே முறியலாம்.

"அடுப்பை மூடினோமான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளு நீங்க" என்றாள் அனார்கான்.

அவள் அப்படிச் சொன்னதற்காகவே அவர் அந்தப் பிடி ரகத்தை முடிவு செய்தார். ஒரு குதிரைக்குட்டியை விற்றார். பிஷ்கெக்கிலிருந்து பெட்டி வந்தது. ஏர்னிஸ் ஆக்சிலைப் பிரித்து, தண்டின் நுனியிலிருந்த வரிப்பற்களை எண்ணினான். பத்து. வந்திருந்த லாக் பத்தொன்பது பற்களுக்கானது. வண்டியின் புத்தகத்தைப் பார்த்துத்தானே சொன்னேன் என்று துர்துகுல் கத்தினார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உடைத்துப்போட்ட பால் வண்டி ஒன்றிலிருந்து அந்த ஆக்சிலைக் கழற்றி மாட்டியவரே அவர்தான். பதினைந்து வருஷம் ஆகிறது. ஏர்னிஸ் பெட்டியைப் பழையபடி மூடினான். அது துர்துகுலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரியான லாக் வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. விருந்துக்கு நான்கு நாள் முன்பு மாட்டினார்கள். மறுநாள் தனியாகக் கரா-சாஸுக்குப் போனார். ஆறு மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு ஏழு தடவை போய் வந்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பார்க்க அங்கே யாரும் இல்லை.

விருந்தன்று தார்ச்சாலை முடிகிற இடத்தில் சம்பந்திகளை ஏற்றிக்கொண்டார். சாகின்பூபூ, அவள் கணவர், அவளுடைய இரண்டு தம்பிகள். பின்னால் கம்பளத்தில் சுற்றிய தொட்டில். சதுப்பின் விளிம்பில் வண்டியை நிறுத்தினார். பூட்டுவதற்கு முன் நிறுத்த வேண்டும். பிடியை இழுத்தார். அடியில் டக்கென்று சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்துக்குத்தான் ஒரு குளிர்காலம்.

திரும்பிப் பார்த்தால், சாகின்பூபூ பையிலிருந்து முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். கணவருக்கும் ஒரு ஜோடி.

"எறங்க வேண்டாம் சம்பந்தியம்மா. லாக் போட்டிருக்கேன். ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்தும்."

"போட்டது நல்லதுதான். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. ஒங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான் இதை வாங்கினேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் நிஜமாகவே அன்பாகச் சொன்னாள். சம்பந்தியம்மாளைக் கையைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. அவள் கணவர் ஏற்கெனவே இறங்கிவிட்டார்.

"தொட்டிலையும் எறக்குங்கடா. முதல் பேரன் தொட்டிலு" என்றாள் தம்பிகளிடம்.

இருவரும் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

துர்துகுல் காலி வண்டியை ஓட்டினார். ரொட்டி சேற்றில் இறங்கியது, ஒரு தடவை ஆடியது, பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சேற்றை வாரியெறிந்தன. முதல் கியரிலேயே, ஒரு முறையும் திணறாமல், அக்கரையில் ஏறிற்று. அவர் கண்ணாடியில் பார்த்தார். நால்வரும் தரையைப் பார்த்துக் குனிந்து, புல்மேடு புல்மேடாகக் கால் வைத்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் வந்ததும்.

"காலி வண்டி, சொகமா ஏறிடுச்சு" என்றார் சம்பந்தி.

ஒருமுறை எல்லாரும் ஏறிக்கொண்டால் அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் காட்டுவதாகத் துர்துகுல் சொன்னார். சொல்லும்போதே அது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"தாண்டியாச்சே சம்பந்தி. புள்ளை காத்துக்கிட்டிருக்கும்" என்றாள் சாகின்பூபூ.

கெட்டித் தரையில் கொஞ்ச தூரம் போனதும் அடியிலிருந்து நீளமான முனகல் வந்தது. வண்டி திரும்ப அடம் பிடித்தது.

"என்னமோ கத்துதே" என்றாள் சாகின்பூபூ. "புதுசா போட்டதுதானோ?"

துர்துகுல் பிடியைத் தள்ளினார். சத்தம் நின்றது.

மறுநாள் திரும்பும்போதும் நால்வரும் நடந்தே கடந்தார்கள். தார்ச்சாலையில் சாகின்பூபூ பூட்ஸைக் கழற்றி, புல்லில் தேய்த்துத் துடைத்து, டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் அந்தப் பிடியை ஒட்டி வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும், சம்பந்தி. அடுத்த தடவை எடுத்துட்டு வர வேண்டாம் பாருங்க."