இருபத்துமூன்றாம் பக்கம்

தில்லையம்பலத்தின் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. பக்கத்தில் நின்று அடுக்கியவள் பசிபிக் கடலில் இருக்கும் குக் தீவுக்காரி. தொண்ணூற்று நாலில் ஒரு நாள், தேநீர் குடிக்கும்போது அவள் சொன்னது இவர் மண்டைக்குள் ஏறிக் குந்திவிட்டது. அவளுடைய தீவுக்குச் சொந்த நாடாளுமன்றம், சொந்தப் பிரதமர், சொந்தக் கொடி. பாஸ்போட் மட்டும் நியூசிலாந்துடையது. விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள், பிடிக்காவிட்டால் தாங்களே முடிவெடுத்து விலகலாம், மறிக்க ஆளில்லை. சண்டை பிடித்தா வாங்கினீர்கள் என்று கேட்டார். இல்லை, பேசித்தான் என்றாள்.

ஈழத்தில் நமக்கும் இப்படி ஒரு வழி கிடையாதா என்று நாலு ஞாயிற்றுக்கிழமை குந்தியிருந்து எழுதினார். ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் அது வந்தது. அந்த வருஷம் ஊரில் ஷெல் விழுந்து செத்த தம்பி ஆனந்தராஜாவின் படத்தையும் அதே மலரில் நினைவஞ்சலியாகப் போடக் கொடுத்திருந்தார். ஒரு பிரதி அனுப்புகிறேன் என்று தம்பியின் மனைவிக்குக் கடிதமும் போட்டாயிற்று.

சங்க விழா அன்று மத்தியானம் மண்டபத்தில், அச்சாகி வந்த மலர்ப் பிரதிகளின் பெட்டியைத் திறந்துவைத்தபடி நின்றார் செயலாளர் குலசேகரம்.

"என்ன காணும் இது? கொழும்போடை ஒட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?"

"இல்லை அண்ணை. ஒட்டுறதும் வெட்டுறதும் எங்கடை கையிலை இருக்கோணும் எண்டுதான் எழுதினனான்."

"தட்டு அடுக்கிறவர் எங்களுக்கு அரசியல் படிப்பிக்கிறார்!"

கதிரை போட்டுக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். "குக் தீவுப் பிரதமர் வாறார், நல்ல கதிரையாப் பாத்துப் போடுங்கோடா!" என்றான் ஒருவன்.

குலசேகரம் சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் சனத்தின்ரை கைக்குப் போகாது. நீரே கிழியும். இல்லாட்டி உம்மடை பிள்ளை இண்டைக்கு மேடை ஏறாது."

உள்ளறையில் மகளின் சலங்கைச் சத்தம் கேட்டது. எட்டு மாதப் பழக்கம், முதல் மேடை. தில்லையம்பலம் கோடு போடும் அடிமட்டம் ஒன்று கேட்டு வாங்கினார்.

முதல் தாளைக் கிழித்துத் திருப்பினால் பின்பக்கத்தில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, பின்னுக்கு ஆனந்தராஜாவின்ரை படம்..."

"அதை எழுதேக்குள்ளை யோசிச்சிருக்கோணும்."

முந்நூறு பிரதி. கம்பி குத்திய இடத்தில் இழுத்தால் எதிர்த்தாளும் கழன்றுவிடும். அடிமட்டத்தை அமத்தி, ஒரு விரலகலம் விட்டுக் கிழிக்க வேண்டும். முந்நூறு தரம் தம்பியைக் கிழித்தார். ஒன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோது குலசேகரம் கையை நீட்டினார்.

"ஒண்டும் மிஞ்சக் கூடாது."

அதுவும் ஈரத் தேயிலைப் பைகளோடு குப்பைக்குள் போனது.

பிள்ளை நன்றாகத்தான் ஆடினாள். குலசேகரம் முன் வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டினார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் மலரைப் புரட்டினாள்.

"அப்பா, சித்தப்பாவின்ரை போட்டோ எந்தப் பேஜ்? இருபத்திரண்டுக்குப் பிறகு இருபத்தைஞ்சு வருது."

"அச்சடிச்சவங்கள் விட்டுட்டாங்கள் பிள்ளை."

அவள் ஒட்டியிருந்த அந்த விரலகலக் கடதாசியைத் தடவிப் பார்த்தாள்.

"இல்லை அப்பா. ஆரோ கிழிச்சிருக்கினம். மனிசரோ அவை?"

"ஓம் பிள்ளை," என்றார் தில்லையம்பலம். "மனிசர்தான்."