பனிமேல் போட்ட பழி

பத்மாம்பாளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப்போன ஒருத்திக்கு இவ்வளவு அவசரத்தையும் சேர்த்துக் கொடுத்த கடவுளை என்ன சொல்ல? நானும் அவளும் ஒலக்கூர்ப் பக்கம் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். திண்டிவனத்தில் ஒரே தெரு. பஸ் படி ஏற அவளுக்குப் பயம். அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பத்மராஜ் நயினார்தான் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார், கூட்டிப்போவார்.

நயினாருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். தங்கமான மனுஷன், ஆனால் ஆடி அசைந்துதான் வருவார். அவர்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். சாயங்காலம் அவர் தாமதித்தால் இவளுக்கு ராப்பட்டினி. பள்ளிக்கூட வாசலில் நின்று பல்லைக் கடிப்பாள்.

2010 சித்திரையில் பாண்டியில் யாரோ ஓட்டிய பேட்டரி கார் ஒன்றை வாங்கினாள். சின்ன வண்டி. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, வலது கால் ஒன்றே போதும். முதல்நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினாள்.

“மேரி, இனிமே நான் யாருக்காவும் நிக்க வேணாண்டி” என்றாள். வழியெல்லாம் சிரிப்பு.

அடுத்த வருஷம் மார்கழியில்தான் வந்தது பேஜாரு. காலைப் பனியில் சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும், வண்டி நகராது. நகர்ந்தாலும் தெருமுனையில் படுத்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கரண்ட் கட்டில் சார்ஜ் ஏறவில்லையோ என்று நேரத்தை மாற்றிப் பார்த்தாள். பிளக்கை மாற்றினாள். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மல்லாட்டை மூட்டைச் சாக்குகளை எடுத்து வண்டிமேல் போர்த்தினாள். தினமும் வகுப்புக்குப் பிந்திப் போனோம், பெரிய டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் பச்சைமுத்து வந்து பார்த்தான். “பனிதான் டீச்சர். குளுருல பேட்டரி எறங்கிப்பூடும். தை பொறந்தா சரியாப்பூடும்.”

“பனியாவது மண்ணாவது! போன மார்கழில பனியே பெய்யலியா? அப்ப மட்டும் எப்படி ஓடுச்சி?” என்று அவனிடம் எரிந்து விழுந்தாள்.

நயினார் மெதுவாகச் சொன்னார்: “வித்துடலாம் பத்மா. மொபெட் கீது, நான் இருக்கறேன். இன்னா கொறைச்சல்?”

மறுபடியும் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நிற்கவேண்டுமே என்ற கிலி அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். நயினார் காரின் சீட்டைத் தூக்கிவிட்டு, சொம்பிலிருந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் அவர்தான் ஊற்றுவார். பத்மாம்பாள் எதற்கோ வெளியே வந்தவள் சொம்பைப் பார்த்து நின்றாள்.

“இது எந்தத் தண்ணி?”

“நாம குடிக்கிறதுதான்” என்றார் பெருமையாக. “கடையில விக்கற பேட்டரி தண்ணிய எவன் புடிச்சானோ, வடிகட்டினானோ இல்லியோ. ரெண்டு தரம் துணில வடிகட்டி, கொதிக்கவச்சி, ஆறவச்சி ஊத்தறேன். ஒரு வருசமா இதான்.”

அவர்கள் வீட்டில் வடிகட்டிக் கொதிக்கவைக்காத நீரை வாயில் விடமாட்டார்கள். வண்டிக்கும் அதே ஆசாரம்!

“அய்யோ, நம்ம போர் தண்ணி உப்புங்க! துணில உப்பு நிக்குமா? கொதிக்கவச்சா போவுமா?” பத்மாம்பாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கடின நீர் என்றால் என்ன என்று வருஷா வருஷம் அஞ்சாங் கிளாஸுக்கு நடத்துகிறவர்கள் நாங்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

பச்சைமுத்து திரும்ப வந்து ஒவ்வொரு பேட்டரியாகச் சோதித்தான். “எல்லாமே போச்சி டீச்சர். உப்பு தின்னுட்டுச்சி, அதான் குளுரு தாங்கல. நான் பனிமேல பழிய போட்டுட்டேன்.”

நயினார் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். “வண்டி வந்ததுலேருந்து உனக்குன்னு நான் செய்யறதுக்கு இந்த ஒரு வேலதான் இருந்துச்சி பத்மா” என்றார். அவள் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அரைப்பரீட்சை. நயினார் மொபெட் சீட்டைத் துடைத்துவிட்டுத் தயாராக நின்றார். பத்மாம்பாள் பையை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

“எங்கடி போற?” என்றேன்.

“பஸ்ஸுக்கு. நீ ஏத்தி வுடு.”

பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து, வலது முழங்காலைப் படியில் ஊன்றி அவள் எம்ப, நான் கீழிருந்து தள்ளினேன். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. உள்ளே உட்கார்ந்தபோது அந்தப் பனியிலும் அவளுக்கு முதுகெல்லாம் வியர்வை.

ஊர் தாண்டியதும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மொபெட் வந்துகொண்டிருந்தது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அதுவும் தள்ளி நின்றது. பஸ் கிளம்பினால் கிளம்பியது.

“எதுக்குடி இந்த மனுசன் பின்னாடியே வர்றாரு?” என்றாள் பத்மாம்பாளும் திரும்பிப் பார்த்து.

“நீ எறங்கும்போது வுழுந்துடுவியோன்னுதான்” என்றேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது அவள் விழவில்லை. நயினார் ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றார், கிட்டே வரவில்லை.

“அங்க இன்னா பார்த்துக்கினு நிக்கறீங்க?” என்று கத்தினாள். “ஜல்தியா பாண்டிக்குப் போயி புது பேட்டரிக்கு சொல்லிட்டு வாங்க!”

“சாயங்காலம் கூட்டிக்கினு போக வரட்டுமா?”

“வேணாம். வண்டி வர்ற வரைக்கும் பஸ்ஸுதான்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மொபெட்டைத் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது. அவர் போன திசையைப் பார்த்தபடி அவள் அசையாமல் நின்றாள். நான்தான் கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.