ஏழு செடிகளும் ஒரே வயிற்றுவலியும்

சித்தி பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. எந்தச் செடியை மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதும் படிப்பு அது. “செடி புடுங்கவா பெரிய காலேஜு?” என்று பெரியப்பா கேலி செய்வது தறிச் சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்கும்.

ஒரு விடுமுறையில் சங்கரன்கோவில் வந்திருந்த சித்திக்கு வரப்பில் கால் பிசகிவிட்டது. திங்கட்கிழமை நோட்டை ஒப்படைக்காவிட்டால் அந்த வருடப் படிப்பே வீண். ஏழு செடிகளை என்னிடம் கொடுத்து, ஏழு வீடுகளில் கேட்டு, சொன்னவர் பெயரும் வயதும் சேர்த்து எழுதி வரச் சொன்னாள். எட்டு வயதில் எனக்கு வேறு சோலிகள் இருந்தன. போய்ப் பாண்டி ஆடிவிட்டு, எல்லாவற்றையும் நானே எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கு மட்டம் போட எனக்குத் தெரிந்த நோய் ஒன்றுதான்.

“ஏட்டி, நம்ம தெருவுல வயித்துவலியத் தவிர வேற சீக்கே கெடையாதா?” என்றாள் சித்தி. போதாக்குறைக்கு, நான் எழுதிய பெயர்களில் ஒருவர் துபாயில் இருந்தார்.

அவள் அடிக்கவில்லை. பக்கத்தைக் கிழித்துப் போட்டாள். என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே ஏழு வீடும் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் என் குட்டை நானே உடைக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வீட்டில் வெட்கமே தீர்ந்துபோயிற்று.

திரும்பும் வழியில் வேலியிலிருந்து ஒரு கோவை இலையைப் பழக்கதோஷத்தில் பறித்தேன். அது எதற்கு என்று சித்தி கேட்டாள்.

“சிலேட்டத் தொடைக்கத்தான். நல்லா கருப்பாயிரும்.”

நின்ற இடத்திலேயே அதை எழுதினாள். கீழே என் பெயர், வயது எட்டு. பொய் சொன்னவளின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்று பயந்துபோனேன். பெயரை அடித்துவிடச் சொல்லி அழுதேன்.

“அதெப்படி அடிக்க மக்கா? நீதான சொன்ன?” என்றுவிட்டாள். அதன்பின் பல நாள் வாசலில் காக்கிச் சட்டையைக் கண்டால் அடுக்களைக்குள் ஓடினேன். வந்தவர் எப்போதும் தபால்காரர்தான்.

சித்தி இன்று மலைக்கிராமங்களில் மூலிகை வழக்கங்களைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறாள். நானும் அதே படிப்பைப் படித்து ஒரு விதைக் காப்பகத்தில் இருக்கிறேன். பெரியப்பா கல்யாண வீடுகளில் எங்கள் வேலையைப் பெருமையாக, தப்பும் தவறுமாக விளக்குகிறார்.

சித்திக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஏழு பொய் எழுதியவள் சொன்ன எட்டாவதை, வேறு யாரிடமும் விசாரிக்காமல், அன்றைக்கே நம்பி எழுதிக்கொண்டாள். நானோ அதைத் தண்டனை என்று நினைத்து வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.