விளம்பரக் கூந்தலும் மொட்டைச் சீட்டும்

தம்போயில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பெண் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். ஷிப்ட் மாறி மாறி வரும். அவள் மகளை நான்தான் பார்த்துக்கொள்வேன். எட்டு வயது. சொந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் பாட்டி என்றுதான் கூப்பிடுவாள். நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அந்தப் பிள்ளையிடம் மட்டும் வாய் ஓயாது.

போன வருஷம் பிள்ளைக்கு டிங்கி காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அன்றைக்குத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு முருகனை வேண்டினாள். பிள்ளை பிழைத்து வந்தால் தைப்பூசத்துக்கு மொட்டை. பிழைத்தாள். மொட்டை என்று அவளிடம் சொன்னோமே தவிர, சம்மதமா என்று கேட்கவில்லை. கேட்கிற விஷயம் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

தைப்பூசம் நெருங்கிய நாட்களில்தான் கைப்பேசியில் ஒரு ஷாம்பு விளம்பரம் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூட மேடை. முடி குட்டையான பெண் கடைசி வரிசையில் நிற்பாள், அவளை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஷாம்பு போட்டதும் கூந்தல் இடுப்புவரை இறங்கும். முன்வரிசைக்கு வந்து பாடுவாள், எல்லாரும் கை தட்டுவார்கள். கார்ட்டூன் பார்க்கிற நேரமெல்லாம் நடுவில் அது வந்துவிடும். பிள்ளை முதலில் அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். பிறகு குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் தலையை அதே மாதிரி சிலுப்பினாள். நான் சிரித்துக்கொண்டேன். பள்ளியில் பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்றும் சொல்லியிருந்தாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

தைப்பூசத்தன்று கோயிலில் தாய் மொட்டைச் சீட்டு வாங்கி வந்தாள். வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குழந்தையின் முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. பிள்ளையின் உள்ளங்கை என் கைக்குள் வேர்த்தது. அர்ச்சனைத் தட்டை மாற்றிப் பிடிக்கக் கையை விட்டேன். திரும்பினால் பிள்ளை இல்லை.

கோயில் வாசலை ஒட்டிப் பெரிய சாலை. காவடிகள் வந்துகொண்டிருந்தன. உறுமி மேளத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தாய் சாலைப் பக்கம் ஓடினாள். நான் மைக் வைத்திருந்த மேசைக்குப் போனேன். போய் நின்றேனே தவிர குரல் எழும்பவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா, ஒண்ணும் கேக்கல" என்றார் அங்கே இருந்தவர்.

மஞ்சள் பாவாடை என்று கத்தினேன். கத்தும்போதே கண்ணில் பட்டது. தண்ணீர்ப் பந்தலுக்கு அந்தப் பக்கம், அதே ஷாம்புவை இலவசமாகக் கொடுக்கிற கடை. விளம்பரத்துப் பெண்ணை ஆளுயர அட்டையாக நிறுத்தியிருந்தார்கள். அட்டைக்குக் கீழே மஞ்சள் ஓரம்.

பின்னால் போய்க் குனிந்தேன். குத்துக்காலிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"வா சாயாங், என் செல்லமில்ல, அம்மா தேடுறாங்க."

"மொட்டை போட்டா டீச்சர் என்னைக் கடைசியில நிக்க வச்சிருவாங்க."

"யாரு சொன்னா?"

"விளம்பரத்துல நீங்களும்தானே பாத்தீங்க?"

முடி திரும்ப வளரும் என்றேன். அவள் விடவில்லை.

"அப்ப நீங்க போடுங்க. வெள்ளை முடி தெரிஞ்சா கடைக்குக்கூட வர மாட்டீங்க, டை அடிச்சிட்டுத்தானே வருவீங்க?"

அந்த டையும் டிவி விளம்பரத்தில் பார்த்து வாங்கியதுதான். "சரி, நானே முதல்ல உக்காருறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அதற்குள் தாய் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சாமி காரியத்தில் விளையாடுகிறாயா என்று அடிக்கக் கை ஓங்கினாள். நான் நடுவில் புகுந்து சீட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். சீட்டு பிள்ளைக்குத்தானே என்றார் மொட்டை அடிப்பவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்தி பிடரியில் சில்லென்று ஏறியது. கறுப்பும் வெள்ளையுமாக மடியில் விழுந்தது. அத்தனை பேர் என்னைப் பார்த்து நான் இருந்ததே இல்லை.

என்னைப் பார்த்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். சந்தனம் பூசிக்கொண்டு எழுந்து திரும்பினேன். பிள்ளை வீறிட்டாள்.

"நீங்க பாட்டி இல்ல. வேற யாரோ."

தாயின் காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். காய்ச்சலில் நடுங்கிய அதே நடுக்கம். தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள்.

"அண்ணே, பிள்ளைக்குப் பூமுடி மட்டும் எடுங்க" என்றாள் தாய் கடைசியில்.

கத்திரிக்கோலால் மூன்று கொத்து. அவ்வளவுதான். தாய் என் பக்கம் திரும்பினாள்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரா பெரியம்மா?"

எனக்கு என்ன தெரியும்? "என்னுதையும் சேத்துக்கட்டும்" என்றேன்.

வீடு திரும்பும்போது காரில் பிள்ளை என் பக்கமே பார்க்கவில்லை. கை மட்டும் எதையோ இறுக்கி மூடியிருந்தது. என்னவென்று தாய் அதட்டிக் கேட்டாள். விரலைப் பிரித்தாள். அந்தக் கடையில் கொடுத்த ஷாம்பு பாக்கெட், கசங்கிப்போய். தூக்கிப் போடு என்றாள் தாய்.

பிள்ளை அதை என் மடியில் வைத்தாள்.

"பாட்டிக்கு. சீக்கிரம் வளந்துரும்."

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.