கொண்டி எந்தப் பக்கம்?

பச்சைச் சீமெந்து வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆனது. மூத்தவளுக்கென்று ஒரு வீடு பார்க்கப் போயிருந்தோம். அவள் இன்னும் பள்ளிக்கூடச் சீருடையோடு திரிகிற பிள்ளை. சிரிக்காதீர்கள். எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும். அதனால் பெண் பிள்ளை பிறந்த செய்தி காதில் விழுந்ததுமே வாப்பாமார் கல் என்ன விலை, மண் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். என் கணவர் கத்தாரிலிருந்து லீவில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக என்னையும் இழுத்துக்கொண்டு போனதும் அதற்குத்தான்.

வீடு பழையது. சுற்றுமதில் புதிது, கூரை விளிம்பைத் தொடும் உயரம். முன் கேற் தன்பாட்டில் திறக்கிற வகை. புரோக்கர் தம்பிக்கு அதில் அப்படியொரு ஆசை, திறந்து திறந்து மூடிக் காட்டினார். “டீச்சர், நாலு பக்கமும் மதில். ஒரு பூனை கூட உள்ளுக்கு வரேலா” என்றார். நான் பின்வளவில் நின்றுகொண்டு, வெளியே போவதற்கு எந்த வழி என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ரிமோட்டை உயர்த்திக் காட்டினார். நான் கேட்டது அதை அல்ல. கணவர் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்குத் தகப்பன் குணம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

தகப்பன் குணம் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். அதற்கு முதலில் ஹிதாயா மாமியின் மதிலைச் சொல்லவேண்டும். நான் இப்படித்தான், ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றுக்குள் போய்விடுவேன். வகுப்பிலும் பிள்ளைகள் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள்.

ஹிதாயா மாமி வாப்பாவின் ஒரே தங்கச்சி. மாமா சவூதியில். சண்டைக் காலம் அது. இருட்டினால் யார் வருவார், எந்தப் பக்கத்தால் வருவார் என்று யாருக்கும் தெரியாது. தங்கச்சி தனியாக இருக்கிறாளே என்று வாப்பா கடைத்தெருவில் இருந்த தன் புடவைக் கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு, மேசனோடு சேர்ந்து நின்று அவள் வளவுக்கு மதில் கட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து மதிலுக்குத் தண்ணீர் அடிப்பது என் வேலை. அடிக்காவிட்டால் வெடித்துவிடுமாம். வெயிலில் காய்ந்த சீமெந்தில் தண்ணீர் படும்போது எழும் அந்த வாசம் எனக்கு அப்போது பிடித்திருந்தது. மாமி சீனி தூக்கலாகப் போட்ட பிளேன்ரீ தருவார். கட்டி முடிந்ததும் வாப்பா மதிலில் முஷ்டியால் குத்திப் பார்த்துவிட்டு, இனி என் தங்கச்சி நிம்மதியாகப் படுப்பாள் என்றார். தெருவுக்குப் போகும் ஒழுங்கை அந்தப் பக்கம் என்பதால் கேற் கடலைப் பார்த்து இருந்தது. அதில் யாரும் ஒரு குறையும் காணவில்லை. கடல் என்றால் எங்களுக்கு மீனும் காற்றும்தானே.

சுனாமியன்று அந்தக் கேற்றால்தான் கடல் உள்ளே வந்தது. எங்கள் வளவுக்கு மதில் கட்ட வாப்பாவிடம் காசு மிஞ்சவில்லை, கிடுகு வேலிதான். நாங்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு மேற்கே ஓடினோம். வீடு போனது, உயிர் தப்பியது. மாமியைப் பின்மதிலின் அடியில் கண்டெடுத்தார்கள். இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.

சண்டை முடிந்த மறுவருஷம் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். சம்மாந்துறைப் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போதுதான் எனக்கு முதல் நியமனம் கிடைத்திருந்தது. மாப்பிள்ளை ரெடி, தேதி ரெடி, வீடுதான் இல்லை. கடற்கரையோரம் இருந்த எங்கள் நிலத்தில் இனிக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீடு அமையாவிட்டால் கல்யாணமும் இல்லை. ஆகவே வாப்பாவும் உம்மாவும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

உம்மாவின் சோதனை கிணற்றடியில். ஒரு வாளி அள்ளி, வாயில் ஒரு மிடறு வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சவர் என்றோ நல்ல தண்ணி என்றோ தீர்ப்புச் சொல்வார். கூட வருகிற ஆட்கள் கூரை வளையைத் தட்டிக் கறையான் பார்ப்பார்கள், காணி உறுதியைக் கேட்பார்கள். வாப்பா இது எதையும் பார்க்கமாட்டார். வந்ததும் வராததுமாக நேரே பின்வளவுக்குப் போவார். கடல் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார். பிறகு எங்கே ஓடுவது என்று பார்ப்பார். மனுசனுக்கு மூளை தட்டிப்போட்டுது என்று புரோக்கர்மார் தங்களுக்குள் குசுகுசுத்தது எங்கள் காதிலும் விழுந்தது.

கடலிலிருந்து தூரம் என்று சொல்லி மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டுக்கும் வாப்பா கூட்டிப்போனார். மாரி காலம். வயல் வெள்ளம் வாசற்படியில் நின்றது, குசினி அடுப்படியில் தவளை. “கடலுக்குப் பயந்து வயலுக்குள்ள முக்குளிக்கவா எங்களக் கூட்டிவந்தீங்க?” என்று உம்மா கேட்ட கேள்வியோடு பஸ் ஏறினோம்.

எனக்கோ ஒரே குழப்பம். கடல் ஒன்றும் நடக்காதது மாதிரிக் கிடந்தது. தெருக்களில் சோதனைச் சாவடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, மாடி கட்டுங்கள் என்றார்கள் சிலர். பொறுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார்கள் வேறு சிலர். கடலுக்குப் பயப்படுவதா, மனிதருக்குப் பயப்படுவதா, பயப்படாமலே இருந்துவிடுவதா? புதுப்பெண்ணுக்குப் பட்டுச்சீலை நிறத்தில்தான் குழப்பம் இருக்கவேண்டும் என்பார்கள். எனக்கு இதில் இருந்தது.

அப்போதுதான் ஆதம்பாவா காக்கா என்ற புரோக்கர் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) ஒரு வீட்டைக் காட்டினார். எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைசி வீடு அது. அதற்கு வடக்கே தமிழ் ஆட்களின் ஒழுங்கை தொடங்குகிறது. எல்லை வீடு என்பதால் சண்டைக் காலத்தில் சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை, சொந்தக்காரர்கள் கடல் வந்த பிறகு கொழும்புக்குப் போய்விட்டார்கள். முழுக்க மதில், முழுக்க மதில் என்று காக்கா வாசலிலிருந்தே ஓதிக்கொண்டு வந்தார். மதிலின் மேலே போத்தல் ஓடுகள் வேறு. உம்மா தண்ணீரைக் கொப்பளித்து, தேன் மாதிரி என்றார். ஆனால் வாப்பா கிணற்றுக்குப் பின்னால் நின்றுவிட்டார். வடக்கு மதிலில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குப் பொட்டு விழுந்து, அந்த ஓட்டையை ஒரு தகரத்தால் சாத்தியிருந்தது. காக்காவுக்கு முகம் செத்துப்போனது. அது ஒரு நாள் வேலை, மேசனை விட்டு அடைத்துத் தருகிறேன் என்று அவசரமாகச் சொன்னார். வாப்பா தகரத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்தார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குந்தியிருந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். பரமேஸ் அக்காவை நாங்கள் முதலில் கண்டது அப்படித்தான். அவருக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன மாடி. வெளிப்பக்கத்தால் படி ஏறி, மேலே வெறும் கொங்கிரீட் தட்டு. வாப்பா அவரையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்தப் படி எந்த நேரமும் திறந்திருக்குமா தங்கச்சி என்று கேட்டார்.

“கதவு போடக் காசில்லாமத்தானே அரைவாசியில நிக்குது. ஏன் காக்கா?” என்றார் அவர்.

பொட்டின் கதையையும் அவரே சொன்னார். கடல் வந்த அன்று இந்த வீட்டு ஆட்கள் மதிலுக்குள் நின்று கத்தியிருக்கிறார்கள். அவருடைய கணவர் இரும்பு அலவாங்கால் மதிலை உடைத்து அவர்களை இழுத்தெடுத்துத் தட்டில் ஏற்றியிருக்கிறார். பிறகு அதை யார் அடைப்பது என்று இரண்டு பக்கமும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்ததில் வருஷங்கள் போய்விட்டன.

வாப்பா என் பக்கம் திரும்பினார். குசினிக்குள் போய் நில், நான் சொன்னதும் அந்தத் தட்டுக்கு ஓடு என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாணப் பெண், அதுவும் டீச்சர், அபாயாவோடு புரோக்கருக்கு முன்னால் ஓடுவதா? உம்மா கண்ணால் போ என்றார். போய் நின்றேன். வாப்பா சொல்ல வாயைத் திறந்தார், அந்தச் சொல் வரவில்லை. கையைத் தட்டினார். ஓடினேன். ஒரு கோழி காலுக்குள் வந்து விழப்பார்த்து, பொட்டால் நுழைந்து, மீனையும் தாண்டிப் படியேறித் தட்டில் போய் நின்றேன். அங்கிருந்து கடல் தெரிந்தது. கீழே வாப்பா அண்ணாந்து நின்றார்.

“ஏறிட்டியா மகள்?”

“ஏறிட்டன் வாப்பா.”

அவர் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் அதையே கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் வந்தது.

முடிந்தது என்று நினைத்தோம். மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். எல்லாம் திருப்தி, பொட்டைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. இதை அடைத்தால்தான் கல்யாணம் என்றார். அடைத்தால் இந்த வீடு வேண்டாம் என்றார் வாப்பா. பாவம் ஆதம்பாவா காக்கா, ஒரே வாயால் அவரிடம் மதிலைப் புகழ்ந்தார், இவரிடம் பொட்டைப் புகழ்ந்தார். மாப்பிள்ளையின் உம்மா கடைசியில் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“எங்கட வீட்டுக்குப் பின்பக்கத்தாலதான் வந்தாங்க.”

யார் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய மூத்த மகன் அந்த இரவுக்குப் பிறகு இல்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

“என்ட தங்கச்சிட வளவுக்கு மதில் கட்டினது நான்தான் மச்சி” என்றார் வாப்பா, சம்பந்தியிடம்.

அதுவரை எங்களிடம்கூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நான் கதவுக்குப் பின்னால் நின்று, என் கல்யாணம் ஒரு ஓட்டைக்குள் சிக்கிக் கிடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உம்மாதான், ஒரு கதவு போட்டால் என்ன என்று கேட்டார். நல்லதுதான், ஆனால் கொண்டி எந்தப் பக்கம்? எங்கள் பக்கம் போட்டால் அவர்கள் மனம் நோகும். அவர்கள் பக்கம் போட்டால் தேவைப்படும் நேரம் பூட்டிக் கிடக்கும். இந்தப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருக்கும்போது பொட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பரமேஸ் அக்காவின் குரல் வந்தது. அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“கொண்டிய உங்கட பக்கமே போடுங்க. ஓடி வரப்போறது நீங்கதானே.”

அப்படித்தான் கொண்டி எங்கள் பக்கம் வந்தது. நானும் வாழ்க்கைப்பட்டேன்.

அந்தக் கதவைச் சொர்க்க வாசல் என்று நினைத்துவிடாதீர்கள். கோழியால் சண்டை வந்திருக்கிறது, வடிகான் தண்ணீரால் வந்திருக்கிறது. ஊர் கலங்கிய ஒரு சமயம் எங்களோடு தங்கியிருந்த மாமியார் எழுந்துபோய்க் கொண்டியைப் போட்டுவிட்டார். இரும்பு சத்தம் போடும். அது அங்கேயும் கேட்டிருக்கும். மறுநாள் காலை பரமேஸ் அக்கா தெருவால் சுற்றி முன்வாசலுக்கு வந்து மீன் தந்தார். மாமியார் மீனை வாங்கி வைத்தார், நேரே பின்னால் போனார், கொண்டியை நீக்கிவிட்டு வந்து கையைக் கழுவினார்.

வாப்பா மௌத்தாகிவிட்டார். மாமியாரும் இல்லை. பரமேஸ் அக்கா கணவன் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு போய்விட்டார். வாங்கியவர் நல்ல மனிதர், தெருவில் கண்டால் சிரிப்பார். அந்த அரைவாசி மாடியை இடித்தார். தன் காணிக்குள் எங்கள் கதவை ஒட்டினாற்போல் கல்லடுக்கி மதில் எழுப்பினார். அவர் காணி, அவர் காசு, நான் என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும் நான் உடுப்புக்கூட மாற்றாமல் பின்னால் போய்க் கொண்டியை நீக்கினேன். துருவேறிக் கிடந்தது. கதவைத் திறந்தால் கல்மதில். இன்னும் அந்தச் சீமெந்து வாசம் போகவில்லை. மூத்தவள் பின்னால் வந்து, செவருக்கு எதற்கும்மா கதவு என்று கேட்டாள். அவளைக் குசினிக்குள் போய் நிற்கச் சொன்னேன். கையைத் தட்டினால் ஓடி வா என்றேன். விளையாட்டு என்று நினைத்திருப்பாள். தட்டியதும் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள், கிணற்றைச் சுற்றினாள், கதவால் பாய்ந்து இரண்டு உள்ளங்கையையும் மதிலில் ஊன்றி நின்றாள்.

“இனி எங்க உம்மா?” என்று கேட்டாள்.