சமவெளியில் ஒரு சரிவு

கோயமுத்தூர் மைதானத்தில் பயிற்சிக்கு இறங்கிய முதல் நாள், புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, இங்க ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

அவர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, குளிக்கறதுக்குங்களா? பாத்ரூம் அங்கிருக்குதுங்க."

குளிப்பதற்கில்லை. சூரியநெல்லி மலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் கிளப்பில், ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் மைதானத்தில், இருபது வருஷம் புல் வெட்டியவன் நான். திங்கட்கிழமை துரைமார் யாரும் வரமாட்டார்கள். அன்றைக்கு வேலைக்காரர்கள் ஆடிக்கொள்ளலாம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்போம். எங்கள் ஊர்க் கிரீனில் பந்தை உருட்டினால், பார்வைக்கு எவ்வளவு மட்டமாக இருந்தாலும், அது மலைக்கு முதுகைக் காட்டி ஓடைப் பக்கம் போய்விடும். அதனால் நாங்கள் குழியைப் பார்ப்பதே இல்லை. மலை எங்கே, ஓடை எங்கே என்று பார்த்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி அடிப்போம். பந்து தானே வளைந்து வந்து விழும்.

இந்த வித்தையை வைத்து எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் போட்டிகளில் கிடைத்த கோப்பைகள் வீட்டில் உப்பு, புளி வைக்க உதவின. அந்தத் தெம்பில்தான் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகும் தேர்வுக்குக் கோயமுத்தூர் போனேன். நான்கு நாள் ஆட வேண்டும். மொத்த அடிகள் குறைவாக எடுத்தவர்களுக்குக் கார்டு. கார்டு இருந்தால் நாடு முழுக்க நடக்கும் போட்டிகளில் ஆடலாம். இல்லாவிட்டால் புல் வெட்டலாம்.

இரண்டு முறை போய் இரண்டு முறையும் புல்லுக்கே திரும்பினேன். காரணம் பரம ரகசியமொன்றும் இல்லை. கோயமுத்தூர்க் கிரீன் சப்பாத்திக்கல் மாதிரி மட்டம். நானோ மேற்கே பல மைல் தள்ளி நீலமாகத் தெரிந்த மலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு முழம் தள்ளி அடிப்பேன். பந்து மரியாதையாக நேரே போய், குழிக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும்.

மூன்றாம் முறை கேட்டபோது கிளப் மேனேஜர் சொல்லிவிட்டார்: "இதான் கடைசி லீவு. கார்டோட வா, இல்லன்னா இந்தப் பேச்சையே விட்டுட்டு வா." எனக்கு நாற்பத்துநாலு வயது. கூடப் புல் வெட்டுகிறவன் விடுவானா? "என்ன மாப்ள, பேரன் எடுக்குற வயசுல பரீச்சை எழுதப் போறியாமே? பென்சில் சீவிட்டியா?"

இம்முறை பையைத் தூக்க மனைவி வந்தாள். அவள் கொழுந்து எடுப்பவள். ஈரக் கொழுந்து மூட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறுகிறவளுக்கு, பதினாலு மட்டை கொண்ட பை ஒரு கைப்பை. "போன ரெண்டு தடவையும் தனியா விட்டதுதான் தப்பு," என்றாள். "கெட்டது எங்கன்னு நான் நேர்ல பாக்கணும்."

மூன்று நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம், விடுதி வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்: "ஏங்க, குழி கீழ கெடக்கு. நீங்க ஒவ்வொரு தடவையும் எதுக்கு மலையப் பாக்குறீக? சாமி கும்புடுறீகளா?"

விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

நான்காம் நாள் காலையில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். பல் தேய்க்கும் பேஸ்ட் என்று நினைத்துச் சவரக் கிரீமைப் பிரஷ்ஷில் வைத்து, நுரை நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டவன் நான். ஒரே காலில் இரண்டு காலுறை. இன்னொரு காலுறையைக் காணோம் என்று விடுதிக்காரரோடு சண்டை. இந்த லட்சணத்தில் பதினேழு குழி ஆடினேன் என்றால் அது அவளால்தான். கிரீனுக்கு வந்ததும் "தொப்பிய எறக்குங்க" என்பாள். கண்ணுக்குமேல் தொப்பி விளிம்பு இறங்கும். மலை மறையும். பந்தும் குழியும் மட்டும் மிஞ்சும். நேராக அடிப்பேன். விழும். விழுந்துகொண்டே இருந்தது! மதியத்துக்குள் பட்டியலில் பலரைத் தாண்டிவிட்டேன்.

பதினேழாவது குழி முடிந்ததும் மதிப்பெண் பலகையைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன். கடைசிக் குழியை நான்கு அடியில் முடித்தால் கார்டு. ஐந்தானால் வீடு.

உடனே என் தலை என்னைக் கேட்காமல் மலைப் பக்கம் திரும்பியது. முதல் அடி அடித்தேன். பந்து இடப்பக்கம் வளைந்து, குளத்தை நோக்கிப் பறந்து, கரைச் சரிவில் தண்ணீருக்குச் சற்று மேலே புல்லில் மாட்டிக்கொண்டு நின்றது.

"முடிஞ்சுது," என்றேன். "வா, பஸ்ஸுக்குப் போவோம்."

அவள் பையோடு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, சீக்கிரம் வாங்க! நம்ம ஊரு வந்துருச்சு!"

போய்ப் பார்த்தேன். ஒரு காலைச் சேற்றிலும் ஒரு காலைக் கல்லிலும் வைத்து நிற்க வேண்டும். பந்து என் முழங்கால் உயரத்தில், மேட்டில். சமவெளிக்காரன் எவனும் வெறுக்கும் இடம். நான் இருபது வருஷம் புல் வெட்டியதும், திங்கட்கிழமைதோறும் ஆடியதும் இப்படி நின்றுகொண்டுதான். எப்படி நிற்பது என்று நான்கு நாளில் முதன்முறையாக நான் யோசிக்கவே இல்லை.

இப்படி நின்று அடித்தால் பந்து இடப்பக்கம் வளையும். ஆகவே வலப்பக்கம் தூரத்தில் நடுவர் பிடித்திருந்த பச்சைக் குடையைக் குறி வைத்தேன். என்னோடு ஆடிய பெங்களூர் இளைஞனுக்குப் பதற்றம். "அங்கிள், கிரீன் அந்தப் பக்கம்!"

"தெரியும் தம்பி."

அடித்தேன். பந்து குடையை நோக்கிக் கிளம்பியது. நடுவர் குடையை மடக்கலாமா என்று யோசித்த கணத்தில், அது நிதானமாக இடப்பக்கம் திரும்பி, மரங்களைச் சுற்றிக்கொண்டு, கிரீனில் இறங்கி ஓடி நின்றது. இளைஞன் வாயைத் திறந்தபடி இருந்தான். நான் கரையேறினேன், ஒரு ஷூ சேற்றிலேயே தங்கிவிட்டது. அதைப் பிடுங்கி எடுத்தவளும் அவள்தான்.

மூன்றாவது அடி குழியருகே போய் ஐந்தடி தூரத்தில் நின்றது. மிச்சம் ஒன்றே ஒன்று. எதிரே மேற்கு மலை, மேகமெல்லாம் விலகி, கல்யாண மண்டபத்து விளக்கு மாதிரி ஜொலித்தது. அதைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்லி உடம்பு கால்விரல் நுனி வரை கெஞ்சியது. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். நானே தொப்பியை இறக்கினேன்.

நேரே அடித்தேன். பந்து குழியின் விளிம்பைக்கூடத் தொடாமல் நடுவில் போய் விழுந்தது.

கத்தினேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. என்ன கத்தினேன் என்பதை அவள் இன்றுவரை சொல்ல மறுக்கிறாள். கார்டு பெற்றவர்களின் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. கடைசிப் பெயருக்குக் கீழே போடும் கோடு அவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரனாக என் முதல் போட்டி டெல்லியில். முதல் அடிக்குமுன் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சண்டிகர் என்றார்கள், பெங்களூர் என்றார்கள், கொல்கத்தா என்றார்கள். என் முறை வந்ததும் அறிவிப்பாளர் ஒரு நொடி தயங்கி, மூச்சு இழுத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, "சூர்-ய-நெல்-லி" என்றார். கூட்டம் கை தட்டியது. பதற்றத்தில் நானும் சேர்ந்து தட்டினேன். அவள் பையிலிருந்து பெரிய மட்டையை உருவி என் கையில் திணித்தாள்.

"தட்டுனது போதும்," என்றாள். "அடிங்க."